வெட்டு விழுந்த பரீட்சை அட்டை

கிஷோரை வெட்டிச் சாய்த்த நேரத்தில் பிரசன்னா ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் நின்று, சிவப்பு லிட்மஸ் தாளைச் சோதனைக்குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தான். தாள் நீலமாக மாறியது. "காரம்" என்று எழுதிக்கொண்டான். பைக்குள் கிடந்த அவனுடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அது தனித்தேர்வர்களுக்கான வகுப்பு. பள்ளிக்கூடத்தை எப்போதோ விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வந்தவர்கள். பெயின்டர், கறிக்கடைப் பையன், பேரன் எடுத்த அம்மா என்று எல்லா வயசிலும் இருந்தார்கள். மற்ற பாடங்களை எங்கே எப்படிப் படித்தாலும் கேட்க ஆளில்லை. அறிவியல் செய்முறை வகுப்புக்கு மட்டும் நேரில் வந்தே ஆக வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் அன்று காலை பிரசன்னா கிஷோருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போயிருப்பான்.

கிஷோர் கண்டிஷன் பெயிலில் இருந்தவன். தினமும் ஆவடிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் முதல் வாய் குடிக்கும்போது பின்கழுத்தில் வெட்டு விழுந்தது. டீ கிளாஸோடு ஓடி ஒரு செல்போன் கடைக்குள் புகுந்தான். கடைக்காரர் பயத்தில் ஷட்டரை இழுத்தார். பாதி இறங்கிய ஷட்டருக்கு வெளியே கிஷோரின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைப் பிடித்து இழுத்துப்போட்டு, ரோட்டிலேயே வேலையை முடித்தார்கள். முகம் அடையாளம் தெரியாமல் இருந்தது. பச்சைக் குத்தியிருந்த பெயரை வைத்துத்தான் அவன் அம்மா அவனைக் கண்டுபிடித்தாள்.

பிரசன்னா போனை எடுத்தபோது அக்கா மதிவதனி பேசினாள்.

"எங்க கீற?"

"ஸ்கூல்லக்கா. பிராக்டிகல்."

"ஊட்டுக்கு வராத. நேரா செம்பரம்பாக்கம் போயிடு. மாமா குடோன்ல கீறாரு. போனை ஆப் பண்ணு. புக்கு பை கையில கீதா?"

"கீதுக்கா. கிஷோரு..."

"கிஷோரு செத்துட்டான். நீ சாவாத. பஸ்ல ஏறு."

எல்லாம் போன ஏப்ரலில் ஆரம்பித்தது. ஏரிக்கரை மைதானத்தில் ஒரு கிரிக்கெட் மேட்ச். அவுட்டா இல்லையா என்பதில் தொடங்கிய வாய்த்தகராறு, மறுநாள் கத்தியாக வந்து நின்றது. கிஷோரும் அவனுடைய பெரியப்பா மகன் ஹேமநாதனும் சேர்ந்து ஆவடி ரவுடி தமிழரசுவின் தம்பியை நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்கள். வண்டி ஓட்டியது பிரசன்னா. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். தெருவில் அவனைப் போல வண்டி ஓட்ட ஆளில்லை என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பெருமை. அவன் கத்தியைத் தொடவில்லை. ஆனால் வெட்டிவிட்டு ஏறிய கிஷோர் பிடித்த இடத்தில், அவன் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் ரத்தத்தில் பதிந்திருந்தன. அந்தச் சட்டையை மதிவதனிதான் பார்த்தாள். துவைக்கவில்லை. அவனையும் சட்டையையும் சேர்த்து ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய் ஒப்படைத்தாள்.

சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சில மாதம் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வாசலில் அக்கா ஒரு பையோடு நின்றாள். பையில் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை போட்டு, ஓரம் மடித்து, லேபிள் ஒட்டியிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"பத்தாவது. நீ எழுதப் போற."

"எனக்கு ஒம்பதாவதே வரல."

"வண்டி ஓட்ட வந்துச்சில்ல. அத்த விட இது ஈஸி."

மதிவதனி படித்தது எட்டாவது வரைதான். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள். அம்மா முனியம்மா அபார்ட்மென்ட்டில் பெருக்கும் வேலைக்குப் போக, இவள் தாவணி வயசில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் கம்பெனிக்குள் நுழைந்தாள். இன்றும் அங்கே செக்கிங் டேபிள்தான். பிரஸ்ஸில் அடித்து வரும் பாகங்களை அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பார்ப்பாள். நுழைந்தால் பாஸ், இடித்தால் கழிவு. தம்பியையும் அப்படியே பார்த்தாள். பத்தாவது இருந்தால் ஐ.டி.ஐ., ஐ.டி.ஐ. இருந்தால் பிட்டர் வேலை, வேலை இருந்தால் தெருமுனையில் நிற்க நேரம் இருக்காது.

கிஷோர் செத்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. தமிழரசு தம்பியைப் புதைத்த இடத்திலேயே சபதம் போட்டிருந்தான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டுவதற்குள் மூன்று பேரும் மண்ணுக்குள் போக வேண்டும். அந்தப் பக்கத்துப் பையன்களுக்குள் அது எழுதாத சட்டம். வருசம் திரும்புவதற்குள் பழி தீர்க்காதவன் போஸ்டரில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நினைவு நாள் ஏப்ரல் கடைசியில் வந்தது. பரீட்சை அதற்கு முன்னால். ஹேமநாதன் ஊரை விட்டு ஓடிவிட்டான். பிரசன்னா மட்டும் ஐந்து நாள் காலை, ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு வந்தே ஆக வேண்டியவனாக இருந்தான்.

செம்பரம்பாக்கம் குடோனில் மாமா உலகநாதன் செக்யூரிட்டி. வாஷிங் மெஷின் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே ஒரு பெட்டி அகல இடத்தில் பிரசன்னா இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தான். போன் இல்லாததால் வீடியோ பார்த்துப் படிக்கவும் வழியில்லை. புத்தகம்தான் வாத்தியார். புரியாத கணக்கை ஏழெட்டு முறை எழுதிப் பார்ப்பான். அப்போதும் வராவிட்டால் பெட்டியைக் காலால் உதைப்பான்.

"மெஷின ஒதச்சி ஒடச்சினா என் சம்பளத்துல புடிப்பானுங்க மாமே," என்பார் உலகநாதன், கீழேயிருந்து.

"இந்த முக்கோணவியல் வரமாட்டேங்குது மாமா."

"எனக்கு வந்துச்சா? நான் நல்லாத்தான கீறேன்?"

ஒரு நாள் பிரசன்னா நிழலை அளந்து, கோணத்தைக் கணக்குப் போட்டு, குடோன் கூரை எவ்வளவு உயரம் என்று சொன்னான். மாமா ஏணி போட்டு ஏறி, டேப் பிடித்துப் பார்த்தார். ஒரு ஜாண் வித்தியாசம். "ஷெட்டு கட்டினவனே இவ்ளோ கரெக்டா கட்டியிருக்க மாட்டான்," என்று அன்று பூரா சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதிவதனி பழைய கேள்வித்தாள்களோடு வருவாள். அவன் எழுதியதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்திச் சரிபார்ப்பாள். பாதி பாடம் அவளுக்குப் புரியாது. ஆனால் ஒரு வரி விட்டுப்போனால் தெரிந்துவிடும். ஒரு ஞாயிறு அவனுக்கு ஒரு பரீட்சை அட்டை கொண்டுவந்தாள். கடையில் வாங்கியதல்ல. மின்பெட்டிகளுக்குள் வைக்கும் பழுப்பு நிற ஹைலம் பலகை. கம்பெனியில் கழித்துப்போட்ட துண்டைக் கேட்டு வாங்கி, அறுத்து, நான்கு ஓரத்தையும் உப்புத்தாளில் தேய்த்து, கிளிப் பொருத்தியிருந்தாள். விரல் கனம், கல் போல இருந்தது.

"இத்தத் தூக்கினு போனாலே கை வலிக்கும்," என்றான்.

"எழுதும்போது ஆடாது," என்றாள் அவள்.

நுழைவுச்சீட்டு வந்தது. தேர்வு மையம் பூந்தமல்லியில் ஒரு மேல்நிலைப்பள்ளி. அதைப் பதிவிறக்கிக் கொடுத்தவன் விஷால். அவர்கள் குடியிருக்கும் கள்ளிக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவன். பிரசன்னாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சுற்றியவன். கத்தியைக் கண்டால் கடைக்குள் ஒளிந்துகொள்கிற ஜாதி. முதல் பரீட்சைக்கு முந்தின நாள் மதிவதனி அவனைச் சட்டைக் காலரைப் பிடித்துக் குடோனுக்குள் இழுத்து வந்தாள். இன்னொரு கையில் சுருட்டிய பேனர். தரையில் விரித்தாள்.

பிரசன்னாவின் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது. பின்னால் ஒரு சிங்கம். "பத்தாம் வகுப்புத் தேர்வுக் களம் காணும் கள்ளிக்குப்பத்தின் கர்ஜனையே!" கீழே ஐந்து தேதிகளும், பூந்தமல்லிப் பள்ளியின் பெயரும்.

"இன்னாடா இது?" என்றாள் மதிவதனி.

"பேனர்க்கா."

"பேனர்னு தெரியுது. சென்டர் பேரு இன்னாத்துக்குடா போட்ட?"

"பின்ன, எங்க எழுதறான்னு போடாம எப்டிக்கா? கல்யாண பேனர்ல மண்டபம் போடறதில்ல?"

அறை விழுந்த சத்தம் குடோன் தகரத்தில் எதிரொலித்தது. விஷால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தான். காலையிலிருந்து பேனர் தெருமுனையில் நின்றிருந்தது. அதைப் படம் பிடித்து எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தார்களோ.

"பெருமையாத்தான் வச்சேன்," என்றான் விஷால், கண் கலங்க. "நம்ம தெருவுல சாவுக்கும் ஜெயிலுக்கும்தான் பேனர் வக்கிறோம். இவன் பரிச்சைக்குப் போறான். வக்கக் கூடாதா?"

உலகநாதன் குனிந்து பேனரின் ஓரத்தைத் தட்டி நேராக்கினார். "ஜூன்ல பரிச்சை திரும்ப வைப்பானுங்களாமே. அப்ப எழுதிக்கலாம் நைனா."

பிரசன்னா பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஜூன்லயும் அதே கேட்டு, அதே பத்து மணி," என்றான். "படிச்சது மண்டையில கீறப்பவே எழுதிடறேன்."

முதல் இரண்டு பரீட்சைகளுக்கு மாமா அவனைக் குடோனின் பெட்டி வண்டிக்குள்ளே உட்காரவைத்துக் கொண்டுபோனார். பள்ளி கேட்டில் அக்கா நிற்பாள். நுழைவுச்சீட்டை அவள் அவன் கையில் கொடுத்துவைக்கவே இல்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தானே வைத்திருப்பாள். பரீட்சை நாளில் மட்டும் காலையில் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்து, அவனை உள்ளே அனுப்பிய பிறகுதான் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறுவாள். எதிரே கரும்புச்சாறு வண்டியில் விஷால். யாரும் கேட்காமலே காவலுக்கு வந்துவிட்டான். தமிழ் போனது. ஆங்கிலம் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது கணக்கு. கிராப் சரியாக வந்ததில் பிரசன்னா சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். பக்கத்தில் மங்களம் அம்மா. அங்கன்வாடியில் உதவியாளர், பதவி உயர்வுக்காக எழுதுகிறவர். செய்முறை வகுப்பிலிருந்தே பழக்கம்.

"அந்த வட்டம் எனுக்கு வரவேயில்லபா. உருளக்கெழங்கு மாதிரி வந்துச்சு."

"எடுத்து எழுதினா போதும், ஸ்டெப்புக்கு மார்க்கு தருவாங்கம்மா."

எதிரே விஷால் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். அப்போது ராங் சைடில் இரண்டு பைக்குகள் வந்தன. விஷால்தான் முதலில் பார்த்தான்.

"பிரசன்னா, ஓட்றா!"

ஓட இடமில்லை, முன்னும் பின்னும் பரீட்சை எழுதிவிட்டு வந்த கூட்டம். முதல் வீச்சு தலைக்கு வந்தது. அவன் கையிலிருந்ததைத் தூக்கினான். பட்டாக்கத்தி பரீட்சை அட்டையில் இறங்கி, பாதி கனத்தில் சிக்கி நின்றது. வெட்டியவன் பிடியை விடாமல் இழுக்க, அட்டையும் கத்தியும் பிரசன்னாவும் சேர்ந்து சுழன்றார்கள். அதற்குள் இரண்டாமவன் பின்னாலிருந்து இடது தோளில் போட்டான். முதலில் வலிக்கவில்லை, ஈரம்தான் தெரிந்தது. மூன்றாவது வெட்டுக்குக் கை ஓங்கியவனின் ஹெல்மெட்டில் ஒரு முழுக் கரும்பு வந்து உடைந்தது.

விஷால். கத்தியைக் கண்டால் ஒளிகிற விஷால்.

அவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள். தடுக்க நீட்டிய கையில் மணிக்கட்டோடு விழுந்தது ஒன்று. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது இன்னொன்று. கரும்புச்சாறு வண்டியின் ஐஸ் பெட்டிமேல் அவன் சாய, ஐஸ் சிவந்தது. மங்களம் அம்மா குடையால் அடித்துக்கொண்டே, "டேய், படிக்கிற புள்ளைங்கடா!" என்று அலறினார். யாரோ செங்கல் எறிந்தார்கள். பைக்குகள் வந்த வழியே போய்விட்டன.

ஆட்டோவில் விஷாலின் தலை பிரசன்னாவின் மடியில் இருந்தது. துண்டை எவ்வளவு அழுத்தியும் ரத்தம் விரல்களுக்கு நடுவே சூடாக வந்துகொண்டே இருந்தது.

"கணக்கு ஈஸியாடா?" என்றான் விஷால்.

"ஈஸி."

"பொய் சொல்ற."

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவன் பேச்சு நின்றுவிட்டது.

அடக்கத்தின்போது விஷாலின் அம்மா சரசா, தையல் போட்டிருந்த பிரசன்னாவின் தோளிலேயே இரண்டு கையாலும் குத்தினாள். தையல் பிரிந்து சட்டை நனைந்தது. அவன் நகரவில்லை. யாரும் அவளைப் பிடிக்கவும் இல்லை.

"சம்பளத்துல உனக்குப் பேனரு அடிச்சாண்டா. எனக்கு ஒரு பொடவ எடுத்துத் தரல. உனக்குப் பேனரு!"

மறுநாள் அறிவியல். எழுத வேண்டுமா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. மதிவதனி சட்டை மாட்டிவிட்டாள், இடது கையைத் தூளியில் கட்டினாள், வண்டி ஏற்றினாள். கேட்டில் மங்களம் அம்மா பரீட்சை அட்டையைக் கொடுத்தார். ரோட்டிலிருந்து பொறுக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். நடுவில் குறுக்கே ஆழமான வெட்டு. அறைக் கண்காணிப்பாளர் பிட் ஏதாவது செருகியிருக்கிறதா என்று அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னப்பா ஓட்டை?"

"வெட்டு சார்."

அவர் தூளியில் கிடந்த கையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அமிலமும் காரமும் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. சிவப்பு லிட்மஸ் நீலமாக மாறும் என்று எழுதும்போது அவனுக்குக் கிஷோரின் முகம் ஞாபகம் வரவில்லை. விஷால் ஆட்டிய கைகள்தான் வந்தன.

வெட்டிய நான்கு பேரும் எங்கோ ஒரு தூரத்துக் கோர்ட்டில் சரண்டர் ஆனதாகச் செய்தி வந்தது. பள்ளி கேட்டில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். ஒரே ஒரு பரீட்சை மிச்சம்: சமூக அறிவியல்.

அன்று காலை உலகநாதன் பெட்டி வண்டிக்கு டீசல் போடப் போயிருந்தார். குடோன் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பிரசன்னா எட்டிப் பார்த்தான். ஹேமநாதன். தாடி வளர்ந்திருந்தது. பின்னால் இன்னொரு பைக்கில் இரண்டு பேர்.

"வா மச்சான். கெளம்பு."

"எங்க?"

"வானகரம். தமிழரசு மச்சான் கலியமூர்த்தி மீன் மார்க்கெட்டுல கணக்கு எழுதறான். பத்து மணிக்கு டீ குடிக்க வெளிய வருவான். ஸ்கெட்ச் போட்டாச்சு. நீ வண்டிய மட்டும் ஓட்டு."

"எனக்குப் பரிச்சை கீது."

ஹேமநாதன் சிரித்தான். "பரிச்சையா? விஷாலு ஐஸ் பொட்டி மேல கெடந்தான். உனக்குப் பரிச்சையா? கிஷோரும் நீயும் ஒரு தட்டுல துன்னீங்களேடா."

"அந்தாளு இன்னா பண்ணான்?"

"தமிழரசு தம்பி இன்னா பண்ணான்? நம்ம விஷாலு இன்னா பண்ணான்?" சட்டையைத் தூக்கி முதுகில் செருகியிருந்த பொருளைக் காட்டினான். வாழை இலையில் சுற்றிய நீளக் கத்தி. பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்நேரம் உங்க அக்கா எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுல எறங்குவா. என் ஆளு ஒருத்தன் அங்க நின்னுகினு கீறான். நீ வண்டி எடுத்தினா அவன் டீ குடிச்சிட்டு ஊட்டுக்குப் போவான். எடுக்கலன்னா..."

பிரசன்னா அவன் முகத்தைப் பார்த்தான். அக்கா இன்று எஸ்டேட்டில் இல்லை. பரீட்சை நாள். நுழைவுச்சீட்டோடு பூந்தமல்லிக் கேட்டில் நின்றுகொண்டிருப்பாள். ஊரைவிட்டு ஓடியிருந்தவனுக்கு அது தெரியவில்லை.

"சாவி குடு," என்றான் பிரசன்னா. பரீட்சை அட்டையைச் சட்டைக்குள், வயிற்றோடு செருகிக்கொண்டான்.

"அது இன்னாத்துக்கு?"

"ஒரு தபா காப்பாத்திக்கீது."

"ஆமா, அதுவும் சரிதான்," என்றான் ஹேமநாதன், ஏறிக்கொண்டே.

கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் இடது தோளில் தீ வைத்தது போல இருந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை விட்டான். ஹேமநாதன் அவன் சட்டையின் முதுகைப் பிடித்திருந்தான். போன ஏப்ரலில் கிஷோர் பிடித்த அதே இடம். வானகரத்துக்கு நேரே போக வேண்டும். பூந்தமல்லிக்கு இடதுபக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும். பிரசன்னா இறங்கினான்.

"டேய், இன்னாத்துக்கு உள்ள போற?"

"மேல செக்கிங் போட்டுகீறானுங்க. போலீஸு வண்டி தெரியல?"

ஹேமநாதன் எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு தாண்டியது, பூக்கடைகள் தாண்டின. கையில் அட்டையும் பேனாவுமாக ஆட்கள் நடந்து போவது கண்ணில் பட்டபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"திருப்புடா வண்டிய!"

பிரசன்னா ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். முதல் குத்து, முஷ்டியால், தையல் போட்ட தோளில். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை மட்டும் ஹேண்டிலை விடவில்லை. இரண்டாவது குத்து. பிறகு இலையைக் கிழிக்கும் சத்தம். விலாவுக்கு வந்த கத்தி சட்டையைக் கிழித்து அட்டையின் ஓரத்தில் வழுக்கி, தோலைச் சீவிக்கொண்டு போனது. அடுத்த வீச்சு காதில் விழுந்து கழுத்து வரை கோடு போட்டது. அதற்குள் தெரு திரும்பிவிட்டது. கேட்டைப் பாதி சாத்தியிருந்தார்கள். முன்னால் பிளாஸ்டிக் கவரைப் பிடித்தபடி அக்கா நின்றாள். அவனைப் பார்த்தாள், பின்னால் இருந்தவனைப் பார்த்தாள், ஒரே தள்ளில் கேட்டை முழுக்கத் திறந்துவிட்டாள்.

பைக் உள்ளே பாய்ந்து, கொடிக்கம்ப மேடையில் மோதிப் புரண்டது. ஹேமநாதனின் கால் வண்டிக்கு அடியில் ஒடிந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. கத்தி சிமென்ட் தரையில் சத்தம் போட்டுக்கொண்டே வழுக்கிப் போய், போலீஸ்காரரின் ஷூவில் முட்டி நின்றது. பின்னால் வந்த பைக் கேட்டைக்கூட நெருங்காமல் திரும்பி ஓடிவிட்டது.

போலீஸ்காரர் பிரசன்னாவின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். "யார்ரா நீ?"

"சார், எனக்குப் பரிச்சை."

"பரிச்சையா?" ஓங்கி ஒன்று விட்டார். மதிவதனி நடுவில் வந்து விழுந்தாள். இரண்டாவது அடி அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் கவரை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"போட்டோ பாருங்க சார். பேரு பாருங்க. இவன் எழுத வந்தவன். வெட்ட வந்தவன் கீழ கெடக்கிறான்."

தேர்வு மையத்தின் தலைமை அம்மா ஓடிவந்தார். ஒல்லியான, கண்டிப்பான பெண். நுழைவுச்சீட்டைப் படித்தார், ரத்தம் வழியும் காதைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

"சாயங்காலம் உங்க ஆளா இருக்கட்டும். ஒண்ணேகால் வரைக்கும் என் ஆளு. வேணும்னா வாசல்ல நில்லுங்க," என்றார் போலீஸ்காரரிடம். "முதலுதவிப் பெட்டி கொண்டு வாங்க யாராவது!"

காதில் பஞ்சை வைத்து, தலையைச் சுற்றிக் கட்டி, அவனை உட்காரவைத்தார்கள். கேள்வித்தாள் வந்தது. எழுதும்போது பேனா முனை அட்டையின் வெட்டுக்குள் விழுந்து தாள் பொத்துக்கொண்டது. அவன் அட்டையைத் திருப்பிப் போட்டு, சேதமில்லாத பக்கத்தில் விடைத்தாளை வைத்து ஆரம்பித்தான். முதல் உலகப்போர். காரணங்கள். நான்காவது காரணம் எழுதும்போது கழுத்திலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. கண்காணிப்பாளர் பார்த்தார், தன் கைக்குட்டையை மடித்து அவன் தோளில் வைத்துவிட்டு நகர்ந்தார். வாசலில் போலீஸ்காரர் மூன்று மணி நேரம் நின்றார். நடுவில் ஒரு முறை, தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டார்.

மணி அடித்ததும் மதிவதனி வராந்தாவுக்கே வந்துவிட்டாள். கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது.

"மேப்பு?"

"போட்டேன்."

"எல்லா எடமும்?"

"ஒண்ணு டவுட்டு."

ஜீப் காத்திருந்தது. எல்லாவற்றையும் சொல்வதாகப் பிரசன்னா ஏற்கெனவே போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தான். இன்று நடந்ததும், விஷாலும், போன ஏப்ரலில் யார் வெட்டினார்கள், யார் வண்டி ஓட்டினார்கள் என்பதும். மதிவதனியும் கூடவே ஏறிக்கொண்டாள். ஏறியதும் கேள்வித்தாளை மடியில் விரித்து, பையிலிருந்து புத்தகத்தையும் ஸ்கேலையும் எடுத்தாள்.

"ஒரு மார்க்கு மொத கேள்வி. இன்னா போட்ட?"

அவன் சொன்னான். அவள் டிக் போட்டாள். அடுத்தது. அடுத்தது. சிக்னலில் ஜீப் நின்றபோது முன்சீட்டிலிருந்த போலீஸ்காரர் திரும்பி, "அது சி இல்லம்மா, பி," என்றார். மதிவதனி ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

"சி தான் சார். புக்குல கீது."

ஸ்டேஷன் வாசலில் இறங்குவதற்குள் கடைசிக் கேள்வி வரை வந்திருந்தாள். கூட்டிப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள். பிறகு கேள்வித்தாளின் மேல் ஓரத்தில், கம்பெனியில் தேறிய பாகத்தின் மேல் போடுவது போல ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒரு டிக் அடித்தாள். மே மாதம் அரசாங்கமும் அதையே சொன்னது.